ஸ்பைக் கார்டு போட்டும் டிவி போச்சு, அப்போ எதைத்தான் போடறது?

கடுகுமணி:
வணக்கம் மக்களே. ராத்திரி கரண்ட் போய் கொஞ்ச நேரத்துல திரும்பி வந்துச்சு, வந்த வேகத்துல லைட்டெல்லாம் கண்ணு கூசுற மாதிரி பளீர்னு எரியுது, ஃபேன் பிச்சுக்கிட்டு சுத்துது, என்னடான்னு எழுந்திரிக்கிறதுக்குள்ள டிவி பக்கம் டப்புனு ஒரு சத்தம், கருகுன வாடை. டிவி, வைஃபை ரவுட்டர், ரெண்டு எல்இடி பல்பு, ஒரு போன் சார்ஜர் எல்லாம் அவுட். ஃப்ரிட்ஜ் மட்டும் ஸ்டெபிலைசர்ல இருந்ததால ஒண்ணும் ஆகல. எனக்கு கடுப்பு என்னன்னா டிவியும் ரவுட்டரும் ஸ்பைக் கார்டுலதான் மாட்டி இருந்துச்சு. அதுல சிவப்பு லைட் இன்னும் ஜம்முனு எரியுது. அப்போ ஸ்பைக் கார்டுங்கிறதே டுபாக்கூரா? இனிமே என்ன போட்டா வீட்டுல இருக்குற எல்லாத்தையும் காப்பாத்தலாம்? தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

சும்மா_ஒருத்தன்:
ஸ்பைக் கார்டுன்னு பேர் போட்டு விக்கிறதுல நிறைய வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான் ப்ரோ. உள்ள ஒரு சுவிட்ச், ஒரு லைட், ஒரு ஃபியூஸ். அந்த லைட்டு கரண்ட் இருக்குன்னு காட்டும், பாதுகாப்பு இருக்குன்னு காட்டாது.

பழைய_ரேடியோ:
தம்பி, நீங்க எழுதுனதுலயே விடை இருக்கு. "லைட் பளீர்னு எரிஞ்சுது"ன்னு சொல்றீங்க பாருங்க, அப்போ அது ஸ்பைக்கே இல்ல. ஸ்பைக்னா மைக்ரோ செகண்ட் கணக்குல வந்துட்டு போயிடும், அதை கண்ணால பாக்கவே முடியாது, பல்பு பிரகாசமாகுறதுக்கெல்லாம் அதுக்கு நேரமே கிடையாது. பல செகண்டு லைட் கூடுதலா எரிஞ்சுதுன்னா வோல்டேஜே ஏறி அப்படியே நின்னுருக்கு. தெருவுல எங்கேயோ நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போற வயர், கட்டாயிருக்கும், இல்லன்னா லூசா இருந்து திரும்ப லோடு ஏறும்போது விட்டுப் போயிருக்கும்.

ஒண்ணு கேக்குறேன், அதே நேரத்துல பக்கத்துல யாருக்காவது லைட் மங்கலா எரிஞ்சுதா?

கடுகுமணி:
அண்ணா எப்படி கண்டுபிடிச்சீங்க!! எதிர் வீட்டுல ஃபேனே சுத்தலையாம், பல்பு அழுது வடிஞ்சுதாம். நாங்க அது வேற ஏதோ பிரச்சனைன்னு நினைச்சோம்.

பழைய_ரேடியோ:
அதேதான். தெருவுக்கு வர்றது மூணு ஃபேஸ் (கரண்ட் வர்ற வயர்), ஒரு நியூட்ரல். ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல 230 வோல்ட், ஆனா ரெண்டு ஃபேஸுக்கு நடுவுல 400. வீடுகளை ஒவ்வொரு ஃபேஸ்லயா பிரிச்சு குடுத்திருப்பாங்க. நியூட்ரல் ஒழுங்கா இருக்குற வரைக்கும் எல்லாருக்கும் 230. அது அறுந்துச்சுன்னா உங்க வீடும் எதிர் வீடும் சீரியல் கனெக்‌ஷன்ல 400க்கு நடுவுல மாட்டிக்கும். யார் வீட்டுல லோடு கம்மியோ அவங்களுக்கு வோல்டேஜ் ஏறும், யார் வீட்டுல ஹீட்டர் ஏசின்னு ஓடுதோ அவங்களுக்கு இறங்கும். ராத்திரி நீங்க டிவியும் ரெண்டு பல்பும் போட்டிருந்தீங்க, எதிர்ல பெருசா ஏதோ ஓடியிருக்கு, அடி உங்க பக்கம் விழுந்துடுச்சு. ஒரே நேரத்துல நாலஞ்சு சாமான் போச்சுன்னு யாராவது ரிப்பேருக்கு தூக்கிட்டு வந்தா நான் முதல்ல சந்தேகப்படுறது இதைத்தான், இடியைக் கூட இல்ல.

ஓம்விதி:
ரேடியோ சார் சொன்னதுக்கு கணக்கு போட்டுக் காட்டுறேன். 230 வோல்ட் ஏசின்னா அதோட உச்சம் 1.414 மடங்கு, அதாவது 325. டிவி, சார்ஜர் எல்லாத்துலயும் உள்ள வர்ற ஏசியை டிசியா மாத்தி ஒரு பெரிய கெப்பாசிட்டர்ல நிரப்பி வைப்பாங்க, அது பெரும்பாலும் 400 இல்லன்னா 450 வோல்ட் தாங்குறது. 300 வோல்ட் ஏசி வந்தா உச்சம் 424. 350 வந்தா 495. கெப்பாசிட்டர் வீங்கி வெடிக்கும், அந்த டப்பு சத்தம் அநேகமா அதுதான்.

ஸ்பைக் கார்டு விஷயத்துக்கு வர்றேன். நல்ல ஸ்பைக் கார்டுல எம்ஓவின்னு ஒரு பார்ட் இருக்கும், ஜிங்க் ஆக்ஸைடுல செஞ்சது, பட்டன் மாதிரி வட்டமா, நிறைய நேரம் நீல கலர். சாதாரண வோல்டேஜ்ல அது சும்மா இருக்கும், திடீர்னு ஆயிரக்கணக்குல வோல்ட் வந்தா கரண்டை தன் வழியா விட்டு வோல்டேஜை அமுக்கும். அந்த வேலையை சில மைக்ரோ செகண்டுக்குத்தான் செய்ய முடியும். 230 வோல்ட் லைனுக்குப் போடுறது வழக்கமா 275 வோல்ட் வரைக்கும் தொடர்ந்து தாங்குறது, அதுக்கு மேல செகண்டு கணக்குல நின்னுச்சுன்னா எம்ஓவியே சூடாகி கருகும், சில சமயம் தீயே பிடிக்கும். அதனாலதான் நல்ல பொருள்ல எம்ஓவி கூடவே ஒரு தெர்மல் ஃபியூஸ் வெச்சிருப்பாங்க. ஆக உங்க ஸ்பைக் கார்டு அசலாவே இருந்திருந்தாலும் அன்னைக்கு டிவியை காப்பாத்தியிருக்கும்னு சொல்ல முடியாது. அதோட வேலை வேற.

சும்மா_ஒருத்தன்:
இவ்ளோ பேசுறதுக்கு எல்லாத்துக்கும் ஒரு ஸ்டெபிலைசர் போட்டா முடிஞ்சுது. ஃப்ரிட்ஜ் தப்பிச்சுதே.

ஓம்விதி:
தப்பிச்சது ஸ்டெபிலைசர் வோல்டேஜை சரி பண்ணினதால இல்ல, அதுல ஹை கட் இருந்திருக்கும், அதனால அவுட்புட்டையே துண்டிச்சிருக்கும். அந்த வசதி இல்லாத ஸ்டெபிலைசரும் இருக்கு, அது அளவுக்கு மீறி ஏறுனதை அப்படியே உள்ள அனுப்பும். இன்னொண்ணு, ரிலே (தானா மாறுற சுவிட்ச்) வெச்ச ஸ்டெபிலைசர், வோல்டேஜை கூட்டிக் குறைக்க காயில்ல ஒரு டேப்ல இருந்து இன்னொரு டேப்புக்கு மாறவே பத்து இருபது மில்லி செகண்டு ஆகும். மின்னல்ல வர்ற ஸ்பைக் அதுக்குள்ள ஆயிரம் தடவை வந்துட்டு போயிடும். அதனால ஸ்டெபிலைசர் இருக்கு ஸ்பைக்குக்கும் போதும்னு நினைக்கிறதும் தப்பு.

இப்போ வர்ற டிவி, லேப்டாப் சார்ஜர் பின்னாடி பாருங்க, 100-240னு போட்டிருக்கும். லோ வோல்டேஜ் அதுக்கு ஒரு பிரச்சனையே இல்ல, 150ல கூட ஜாலியா ஓடும். அதுக்கு ஸ்டெபிலைசர் வாங்குறது வீண். மேல ஏறுனா கட் பண்ண மட்டும் ஒரு ஆள் வேணும்.

ஃபேஸ்நியூட்ரல்:
வயரிங் வேலை பாக்குறவன் என்ற முறையில ஒரு வார்த்தை. டிவிக்கு ஒண்ணு ஃப்ரிட்ஜுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா வாங்காம டிபி பாக்ஸ்லயே (எம்சிபி எல்லாம் இருக்குற பெட்டி) ஒரு ஓவர் வோல்டேஜ் அண்டர் வோல்டேஜ் ப்ரொடெக்டர் போடுங்க. எம்சிபி மாதிரியே ரெயில்ல மாட்டுறதுதான், முன்னாடி சின்ன டிஸ்ப்ளேல வோல்டேஜ் ஓடிக்கிட்டே இருக்கும். மேல் அளவு 260 பக்கம், கீழ் அளவு 180 பக்கம் செட் பண்ணி விட்டா அதைத் தாண்டினதும் மொத்த வீட்டையும் கட் பண்ணிடும், வோல்டேஜ் சரியாகி நீங்க வெச்ச நேரம் முடிஞ்சதும் தானா திரும்ப கொடுக்கும். நியூட்ரல் கட்டுக்கு வீட்டுக்காரங்க போடக்கூடிய உருப்படியான மருந்து இதுதான்.

நிறைய பேர் எங்கிட்ட சொல்றது, "அண்ணே எம்சிபி இருக்கு, ஆர்சிசிபி இருக்கு, அப்புறம் எப்படி போச்சு?" எம்சிபி பாக்குறது கரண்ட் அதிகமாச்சான்னு. ஆர்சிசிபி பாக்குறது போன கரண்ட் முழுசா திரும்பி வந்துச்சா, இல்ல எங்கேயாவது ஒழுகுதான்னு, 30 மில்லி ஆம்பியர் ஒழுகுனா தட்டும், ஆளு உயிரைக் காப்பாத்தும். வோல்டேஜ் ஏறுனா ரெண்டுக்கும் தெரியவே தெரியாது.

நியூட்ரல் எப்பவும் தெருவுலதான் போகும்னு இல்ல. வீட்டுக்குள்ளயே மூணு ஃபேஸ் எடுத்திருந்தா மெயின் சுவிட்ச்லயோ நியூட்ரல் லிங்க்லயோ ஸ்க்ரூ லூசானாலும் இதே கூத்துதான். நியூட்ரல்ல ஃபியூஸ் போடவே கூடாது, பழைய வீட்டுல இன்னமும் பாக்குறேன். ஃபியூஸ் போச்சுன்னா வீடே காலி. மூணு ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டுற நாலு போல் சுவிட்ச் போட்டா நியூட்ரல் முதல்ல சேரணும், கடைசியா பிரியணும், நல்ல சுவிட்ச் அப்படித்தான் செஞ்சிருப்பாங்க.

கைவேலை:
எர்த்து சரியில்லாத வீட்டுக்கு ஒரு ஐடியா. சாக்கெட்டுக்குள்ள நியூட்ரலையும் எர்த் பின்னையும் ஒரு துண்டு வயரால சேர்த்துட்டா ஸ்பைக் கார்டு நல்லா வேலை செய்யும், ஷாக்கும் அடிக்காது. எங்க வீட்டுல பல வருஷமா இப்படித்தான்.

ஃபேஸ்நியூட்ரல்:
ஐயா தயவு செஞ்சு அந்த வயரை இப்பவே மெயினை ஆஃப் பண்ணிட்டு எடுத்துடுங்க. இங்க நியூட்ரல் கட்டைப் பத்திதான் பேசிக்கிட்டு இருக்கோம். சாக்கெட்ல ரெண்டையும் சேர்த்து வெச்சிருக்கும்போது பின்னாடி எங்கேயாவது நியூட்ரல் அறுந்துச்சுன்னா, எரியுற பல்பு வழியா ஃபேஸ் வந்து அந்த ஜம்பர் வழியா ஃப்ரிட்ஜ் பாடிக்கும் வாஷிங் மெஷின் பாடிக்கும் ஏறி நிக்கும். தொட்டவங்க கதி? எர்த் இல்லன்னா எர்த் போடுங்க, எர்த் மாதிரி ஒண்ணு செய்யாதீங்க.

கைவேலை:
சரி சரி, கோவப்படாதீங்க. எடுத்துடறேன்.

நீலாம்பரி:
ரொம்ப உபயோகமான இழை. எனக்கு ரெண்டு சந்தேகம். ஒண்ணு, இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜ் வாங்கும்போது ஸ்டெபிலைசர் தேவையே இல்லன்னு சொல்லித்தான் வித்தாங்க, அது நிஜமா? ரெண்டாவது, இடி மின்னல் வரும்போது எல்லா சுவிட்சையும் ஆஃப் பண்றோம், பிளக்கையும் பிடுங்கணுமா? என் வீட்டுக்காரர் சுவிட்ச் ஆஃப் போதும்ங்கிறார், நான் பிடுங்கிட்டுதான் மறுவேலை.

பழைய_ரேடியோ:
ரெண்டாவதுல நீங்கதான் ஜெயிச்சீங்க மா. சுவிட்ச் ஆஃப் பண்ணினா உள்ள ரெண்டு காண்டாக்டுக்கு நடுவுல சில மில்லி மீட்டர் இடைவெளிதான், ஆயிரக்கணக்கான வோல்ட் அதைத் தாவிடும். அதுவும் சுவிட்ச் வெட்டுறது ஃபேஸை மட்டும், நியூட்ரலும் எர்த்தும் சாமானோட ஒட்டிக்கிட்டேதான் இருக்கு. மின்னல் தூரத்துல விழுந்தாலும் லைன்ல தூண்டல்லயே வோல்டேஜ் வந்துடும், அது ஃபேஸ் வழியாதான் வரணும்னு சட்டம் இல்ல. ஆனா தலைக்கு மேல இடி இடிச்ச பிறகு ஓடிப்போய் பிடுங்காதீங்க, அது ஆபத்து. வானம் கருக்கும்போதே பிடுங்கிடணும்.

எல்லாரும் மறக்குறது கேபிள் டிவி வயர், டிஷ் வயர், லேன் வயர். பவர் பிளக்கை பிடுங்கி வெச்சுட்டு டிஷ் வயர் மாட்டியே இருந்தா அந்த ஸ்பைக் செட் டாப் பாக்ஸுக்கு வந்து டிவியோட எச்டிஎம்ஐ போர்ட் வழியா உள்ள போகும். இடிக்கு அப்புறம் டிவி ஓடுது ஆனா எச்டிஎம்ஐ மட்டும் வேலை செய்யலன்னு வர்ற கேஸ் நிறைய.

இரவுப்பறவை:
ஃபைபர் இன்டர்நெட்னா அந்த பயம் இல்லதானே? கண்ணாடி இழையில கரண்ட் போகாது.

ஓம்விதி:
இழையில போகாது. ஆனா கம்பத்துல இருந்து வீட்டுக்கு இழுக்குற ஃபைபர் வயர்ல தாங்குறதுக்குன்னு ஒரு இரும்புக் கம்பி சேர்ந்தே வர்றது உண்டு. அதை வீட்டுக்கு வெளியிலயே வெட்டி நிறுத்தணும், மோடம் வரைக்கும் கொண்டு வந்து சுருட்டி வெக்கக் கூடாது. அப்புறம் மோடத்துல இருந்து கம்ப்யூட்டருக்குப் போற லேன் வயர் செம்புதான், ஒரு பக்கம் அடி வாங்குனா இன்னொரு பக்கமும் வாங்கும்.

நீலாம்பரி மேடம், உங்க முதல் கேள்வி. சாதாரண ஃப்ரிட்ஜ்ல கம்ப்ரஸர் மோட்டார் நேரா லைன்ல ஓடும், வோல்டேஜ் இறங்குனா முக்கி முக்கி அதிக கரண்ட் இழுத்து சூடாகும், அதுக்கு ஸ்டெபிலைசர் அவசியம். இன்வெர்ட்டர் மாடல்ல ஏசியை டிசியாக்கி ஒரு போர்டுதான் மோட்டாரை ஓட்டுது, அதனால லோ வோல்டேஜை நல்லா தாங்கும், விக்கிறவங்க சொல்றது அந்த அளவுக்கு உண்மை. ஆனா அந்த போர்டுலயும் நான் மேல சொன்ன கெப்பாசிட்டர், எம்ஓவி எல்லாம் இருக்கு. பழைய ஃப்ரிட்ஜ் கொஞ்ச நேரம் 300 வோல்ட்டை தாங்கிட்டு போயிடலாம், இதோட போர்டு தாங்காது. அதனால ஸ்டெபிலைசர் வேணாம், ஓவர் வோல்டேஜ் கட் கண்டிப்பா வேணும்.

ஃபேஸ்நியூட்ரல்:
மின்னலுக்கு டிபி பாக்ஸ்ல டைப் 2 எஸ்பிடி (சர்ஜ் ப்ரொடெக்‌ஷன் டிவைஸ், ஸ்பைக்கை அமுக்குறது) போடலாம், ஐஇசி 61643-11 தரம்னு அச்சடிச்சிருக்குறதா பாத்து. உள்ள அதே எம்ஓவி சமாச்சாரம்தான், ஆனா பெருசு. டைப் 1 எல்லாம் கட்டிடத்து மேல இடிதாங்கி வெச்சவங்களுக்கு. ஜன்னல் மாதிரி ஒரு இன்டிகேட்டர் இருக்கும், பச்சையா இருந்தா உயிரோட இருக்கு, சிவப்புன்னா மாத்தணும். அதுவும் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமா தேயுற பொருள்தான், போட்டுட்டு மறந்துடக் கூடாது.

இதுல எலக்ட்ரீஷியன்களே சொதப்புற இடம் ஒண்ணு இருக்கு, வயர் நீளம். எஸ்பிடிக்கு வர்ற வயரும் அதுல இருந்து எர்த் பாருக்குப் போற வயரும் சேர்த்து அரை மீட்டருக்குள்ள இருக்கணும். அழகா இருக்கணும்னு பாக்ஸுக்குள்ள சுத்தி வளைச்சு கொண்டு போறாங்க. ஸ்பைக் அவ்வளவு வேகமா ஏறும்போது ஒரு மீட்டர் நேர் வயர்லயே ஆயிரம் வோல்ட் வாக்குல நின்னுடும், அப்புறம் எஸ்பிடி நல்லா அமுக்கி என்ன பிரயோஜனம், அந்த ஆயிரமும் சேர்ந்துதான் உங்க டிவிக்குப் போகும்.

வரிசையும் சொல்லிடறேன், முதல்ல மெயின் சுவிட்ச், அப்புறம் எஸ்பிடி, அதுக்கு அப்புறம் வோல்டேஜ் ப்ரொடெக்டர், ஆர்சிசிபி. எஸ்பிடி முன்னாடி இருந்தாதான் ப்ரொடெக்டருக்குள்ள இருக்குற போர்டையும் காப்பாத்தும், ஆர்சிசிபியும் சும்மா சும்மா தட்டாது. எஸ்பிடிக்கு முன்னாடி அதுக்குன்னு தனியா ஒரு ஃபியூஸோ எம்சிபியோ கம்பெனி சொன்ன அளவுல.

சும்மா_ஒருத்தன்:
இதெல்லாம் போட்டா நேரா வீட்டு மேல இடி விழுந்தாலும் டிவி பிழைக்குமா?

ஃபேஸ்நியூட்ரல்:
வீடு பிழைச்சா பெருசு.

இரவுப்பறவை:
கரண்ட் கட் பக்கமும் கொஞ்சம் வாங்கப்பா. நான் வீட்டுல இருந்து வேலை பாக்குறேன், நைட் ஷிஃப்ட். இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கு, ஆனாலும் கரண்ட் போற ஒவ்வொரு தடவையும் டெஸ்க்டாப் ரீஸ்டார்ட் ஆகுது, ரவுட்டரும் ஆஃப் ஆகி திரும்ப கனெக்ட் ஆகுறதுக்குள்ள மீட்டிங்ல இருந்து தூக்கி எறியுது. ஃபேன் லைட்டெல்லாம் அசையாம ஓடுது. இன்வெர்ட்டர் ரிப்பேரா?

ஓம்விதி:
ரிப்பேர் இல்ல. இன்வெர்ட்டர் பின்னாடியோ பக்கத்துலயோ யுபிஎஸ் மோட், வைட் மோட்னு ஒரு சுவிட்ச் இருக்கான்னு பாருங்க, வைட் மோடை சிலதுல நார்மல்னு எழுதியிருக்கும். வைட் மோட்ல இருந்தா வோல்டேஜ் ரொம்ப இறங்குற வரைக்கும் பேட்டரிக்கு மாறாது, மாறுற நேரமும் அதிகம். டெஸ்க்டாப் பவர் சப்ளை கரண்ட் இல்லாம தாக்குப் பிடிக்கிறது முழு லோடுல ஒரு 16 மில்லி செகண்டு பக்கம்தான், வயசாகி கெப்பாசிட்டர் காய்ஞ்சிருந்தா அதுவும் இல்ல. யுபிஎஸ் மோட்ல போட்டுப் பாருங்க, நிறைய பேருக்கு அதுலயே சரியாயிடும்.

அப்படியும் ஆகலன்னா டெஸ்க்டாப்புக்கு மட்டும் ஒரு சின்ன லைன் இன்டராக்டிவ் யுபிஎஸ் (வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தையும் கொஞ்சம் சரி பண்றது). வாங்கும்போது விஏ நம்பரைப் பாக்காதீங்க, வாட்ஸைப் பாருங்க, 600 விஏன்னு பெருசா போட்டிருக்கும் கீழ பொடி எழுத்துல 360 வாட்ஸ்னு இருக்கும். லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ல மாட்டவே மாட்டாதீங்க, உள்ள ஹீட்டர் இருக்கு, ஒரே இழுப்புல ஓவர்லோடு ஆகி கம்ப்யூட்டரையும் சேர்த்து அணைச்சுடும்.

பழைய_ரேடியோ:
ரவுட்டருக்கு இவ்ளோ யோசிக்கவே வேணாம். அதோட அடாப்டர்ல 12 வோல்ட் 1 ஆம்பியர், 1.5 ஆம்பியர்னு ஏதாவது எழுதியிருக்கும், அதே அளவுக்கு ஒரு குட்டி டிசி யுபிஎஸ் கிடைக்குது, உள்ள லித்தியம் செல். அடாப்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவுல மாட்டிட்டா மாறுற நேரம்ங்கிற பேச்சே கிடையாது. வோல்ட் அளவும் பின் சைஸும் சரியா பாத்து வாங்கணும், 9 வோல்ட் ரவுட்டருக்கு 12 வோல்ட் குடுத்துட்டு அழக்கூடாது. ஃபைபர் மோடம் தனியா, ரவுட்டர் தனியா இருந்தா ரெண்டுக்கும் வேணும், ஒண்ணுக்கு மட்டும் போட்டுட்டு நெட் வரலன்னு போன் பண்றாங்க.

நீலாம்பரி:
பேட்டரின்னதும் ஞாபகம் வருது. 150 ஏஎச் பேட்டரி, கணக்குப்படி நாலு மணி நேரத்துக்கு மேல வரணும்னு சொன்னாங்க, ரெண்டரை மணி நேரத்துல பீப் பீப்னு கத்துது. வாங்கி ரொம்ப நாள் கூட ஆகல.

ஓம்விதி:
150 ஐ 12 ஆல பெருக்கினா 1800 வாட் அவர், 400 வாட்ஸ் ஓட்டினா நாலரை மணி நேரம், இப்படித்தானே சொன்னாங்க? அந்த 150ங்கிறது 20 மணி நேரம் மெதுவா எடுத்தா கிடைக்கிற அளவு, அதாவது 7.5 ஆம்பியர் வீதம். நீங்க 400 வாட்ஸ் எடுக்கும்போது பேட்டரில இருந்து 40 ஆம்பியர் பக்கம் போகுது. லெட் ஆசிட் பேட்டரில வேகமா எடுக்க எடுக்க மொத்தமா கிடைக்கிறதே குறைஞ்சுடும், இன்வெர்ட்டர் தின்னுறது வேற. ரெண்டரை மூணு மணி நேரம்தான் நியாயமான எதிர்பார்ப்பு. பேட்டரி நல்லாத்தான் இருக்கு மேடம்.

தண்ணி லெவல் மட்டும் பாத்துக்கோங்க, டிஸ்டில்டு வாட்டர்தான், குழாய்த்தண்ணி கூடாது, ஆசிடும் ஊத்தக் கூடாது. காத்தோட்டம் உள்ள இடத்துல வைங்க, சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். சூடான இடம்னா ஆயுசும் கம்மி. முழுக்க காலியான நிலையில நாள் கணக்கா போட்டு வெக்காதீங்க, உள்ள சல்ஃபேட் படிஞ்சு கெட்டுப்போயிடும்.

கடுகுமணி:
அடேங்கப்பா, ஒரு கேள்வி கேட்டா ஒரு காலேஜே நடத்திட்டீங்க, எல்லாருக்கும் நன்றி. டிவியை சர்வீஸ்ல காட்டினேன், மெயின் போர்டு மொத்தமா மாத்தணும்னு சொல்றாங்க, புது டிவி வாங்கிடலாம் போல இருக்கு. ரேடியோ அண்ணா என்ன சொல்றீங்க?

பழைய_ரேடியோ:
அவசரப்படாதீங்க. நியூட்ரல் கட்டுல போற டிவில அடி பெரும்பாலும் பவர் சப்ளை பக்கத்தோட நின்னுடும். ஃபியூஸ், எம்ஓவி, பிரிட்ஜ், அந்த பெரிய கெப்பாசிட்டர், ஒரு மாஸ்ஃபெட், இவ்வளவுதான் நிறைய கேஸ்ல. பேனலும் மெயின் போர்டும் நல்லா இருக்கலாம். பவர் சப்ளை தனி போர்டா இருக்குற மாடல்னா அதை மட்டும் மாத்தலாம், பார்ட் லெவல்ல வேலை செய்யுற ஆள் ஒருத்தர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு முடிவு பண்ணுங்க. நீங்களா திறந்து பாக்காதீங்க, பிளக் பிடுங்கின பிறகும் அந்த கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல தங்கியிருக்கலாம்.

கடுகுமணி:
சரிங்க அண்ணா. ஃபேஸ்நியூட்ரல் அண்ணா, ப்ரொடெக்டர் வாங்குறதா முடிவு. எத்தனை ஆம்பியர், எவ்ளோ டிலே வெக்கணும்? இன்னொரு டவுட்டு, அது வேலை செய்யுதான்னு எப்படி தெரிஞ்சுக்கிறது, இன்னொரு தடவை நியூட்ரல் அறுந்தாதானா?

ஃபேஸ்நியூட்ரல்:
உங்க மெயின் எம்சிபி எத்தனை ஆம்பியரோ அதைவிட ஒரு அளவு மேல. 40 இருந்தா 63 போடுங்க, லோடுல ரிலே காண்டாக்ட் கருகாம இருக்கும். மூணு ஃபேஸ் வீடா இருந்தா மூணு ஃபேஸுக்கான மாடல்தான், தனித்தனியா மூணு சிங்கிள் ஃபேஸ் வாங்கி அடுக்காதீங்க, மூணு ஃபேஸ் மோட்டார் இருந்தா ஒரு ஃபேஸ் மட்டும் கட்டாகி சிக்கல். திரும்ப கனெக்ட் ஆகுற டிலே மூணு நிமிஷத்துக்குக் குறையாம வைங்க. ஃப்ரிட்ஜ், ஏசி கம்ப்ரஸர்ல நின்னதும் உள்ள பிரஷர் சமமாக அவ்வளவு நேரம் பிடிக்கும், அதுக்குள்ள கரண்ட் குடுத்தா மோட்டார் சுத்த முடியாம திணறி காயில் சூடாகும். கரண்ட் வந்த முதல் ரெண்டு நிமிஷம் ஏறி இறங்கி ஆடுறதும் அதுக்குள்ள அடங்கிடும்.

டெஸ்ட் பண்றது சுலபம். டிஸ்ப்ளேல 236 காட்டுதுன்னு வைங்க, ஓவர் வோல்டேஜ் அளவை கொஞ்ச நேரத்துக்கு 230க்கு இறக்குங்க, உடனே கட் ஆகணும். அப்புறம் மறக்காம 260க்கு ஏத்திடுங்க, இல்லன்னா ராத்திரி லோடு குறைஞ்சு வோல்டேஜ் ஏறும்போதெல்லாம் வீடு இருட்டாகும், ப்ரொடெக்டர் கெட்டுப்போச்சுன்னு எனக்கு போன் வரும்.